நீ வரைந்தது மட்டும்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை. பத்திரிகையில் உன் படம் பார்த்தேன், கன்னம் பளபளக்கிறது. அம்மாவும் நானும் இங்கே நலம் என்று எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.

கீழே டயர் கடைக்காரர்தான் அந்தப் பத்திரிகையை மாடிக்குக் கொண்டுவந்தார். "உங்க தம்பி பெரிய ஆளாயிட்டாரே" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, உன் பேட்டியில் அந்த ஒரு கேள்விக்கு வரும் வரைக்கும். ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களில் வருவதுபோல உங்கள் படத்துப் பெண்களின் கூந்தல் இழை இழையாக இருக்கிறதே, எப்படி வரைகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நீ சொல்லியிருக்கிறாய்: "கண்ணை மூடிக்கொள்வேன். கை தானாகப் போகும்."

எங்கேடா போச்சு உன் கை? நீ தபாலில் அனுப்புகிற தாளில் முகம் இருக்கும், கழுத்து இருக்கும், தலையின் வளைவு இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஒரு அம்புக்குறி போட்டு, 'முடி - உன் இஷ்டம்' என்று பென்சிலில் கிறுக்கியிருப்பாய். அந்தத் தாளைப் பலகையில் குப்புற ஒட்டி, உன் கோட்டுக்கு இரண்டு பக்கமும் மரத்தை எடுத்து, கோட்டை மட்டும் மேடாக நிறுத்துகிறவள் நான். நெற்றி ஓரத்துப் பூனைமுடியிலிருந்து பின்கழுத்து வரை உளி நுனியால் இழை பிரிக்கிறவள் நான். மை தடவி, ஈரத்தாளைப் படிய வைத்து, தேய்த்து எடுக்கிறவளும் நான். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் கையில் விரல் மிஞ்சாது.

பேட்டி முழுக்கத் தேடினேன். அக்கா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன உன் வீட்டு மேஜையா?

அடுத்த தொகுப்பில் படத்தின் ஓரத்தில், வெட்டியதும் அச்சிட்டதும் இன்னார் என்று என் பெயர் வரவேண்டும். இல்லையென்றால் உளியைத் தொட மாட்டேன். சொல்லிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு.

கோபத்துடன்,
அக்கா


பிப்ரவரி 24

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த சூட்டில் என் விரல் கொப்பளித்துவிட்டது. நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பேட்டியில் நான் எவ்வளவோ சொன்னேன், அவர்கள் வெட்டிவிட்டார்கள். பத்திரிகைக்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாதா? அதுவும் தவிர, இது நானாகப் போட்ட சட்டம் இல்லை அக்கா. ஜப்பானில் அந்தக் காலத்திலேயே இப்படித்தான். ஒருவர் வரைவார், ஒருவர் வெட்டுவார், இன்னொருவர் அச்சிடுவார். உலகத்துக்குத் தெரிவது வரைந்தவர் பெயர்தான். இன்றைக்கும் அருங்காட்சியகச் சுவரில் அந்த ஒரு பெயர்தானே இருக்கிறது? கோபத்தை விடு.

நல்ல செய்தி ஒன்று. இங்கே பெரிய காட்சிக்கூடம் நடத்துகிற அம்மாள் ஆகஸ்டில் எனக்குத் தனிக் கண்காட்சி வைக்கிறார். தலைப்பு 'அம்மா'. அம்மா தலை வாரிக்கொள்வது, ஜன்னலோரம் நிற்பது, முதுகு காட்டி உட்கார்ந்திருப்பது, இப்படி. அந்த ஜப்பானியப் பெண்கள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பார்களே, அந்தத் தோரணையில். நீ இல்லாமல் இது நடக்காது. உனக்குத் தெரியாததா?

அம்மாவிடம் சொல், அவள்தான் கதாநாயகி என்று.

உன் செல்லத் தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

நலம். அம்மாவும் நலம் என்று எழுதச் சொல்கிறாள். கொஞ்சம் சோர்வாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

என் தலையில் மிளகாய் அரைக்காதே. ஜப்பானைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா? பழைய புத்தகக் கடையில் அம்மா நமக்கு ஒரு படப் புத்தகம் வாங்கிக்கொடுத்தாளே, அதை நீ புரட்டியது முகங்களுக்காக. நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்த்தது, அந்த நெற்றி ஓரத்து முடியை மரத்தில் எப்படி வெட்டினார்கள் என்று. பிற்பாடு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கேயும் வரைகிறவர்கள் தலைமுடியை முழுக்க வரைவதில்லை. விளிம்பைக் காட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். தலையையும் முடியையும் வெட்டுவது பட்டறையிலேயே கைதேர்ந்தவருடைய வேலை. மழைக்கோடு, முடி, இரண்டிலும்தான் வெட்டுகிறவருடைய கை தெரியும். அப்படி வெட்டியவர்களில் சிலருடைய முத்திரை படத்தின் ஓரத்தில் சின்னதாக நிற்கிறது. உன் அருங்காட்சியகத்துக்குப் போய் மூக்கு கண்ணாடியில் முட்டுகிற மாதிரி நின்று பார். பெரிய பெயரை மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வராதே.

அம்மாவை வரைவதானால் வந்து வரை. நினைவில் இருக்கிற அம்மாவை வரையாதே. இரண்டு வருடமாகிறது நீ அவளைப் பார்த்து. என் வேலை அறையில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில்தான் இப்போதெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். வந்து எதிரில் உட்கார்ந்து வரை. கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

அப்புறம் அந்தப் பெயர் விஷயம். பதில் வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 2

கண்ணு,

சித்தி எழுதுறேன். கை நடுக்கத்துல எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கோ.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றியதை உன் அம்மா தாங்கிக்கொண்டாளா? வாந்தி நின்றதா? முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுத் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். சின்ன வயதில் அவள் சடையைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போவேன். மெல்லிசுப் பருத்தியில் தலைத்துணி தைத்து அனுப்பியிருக்கிறேன். தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி வைத்திருக்கிறேன், தலையில் உறுத்தாது.

உன் தம்பிக்குச் சொல்லிவிட்டாயா, இல்லையா? மார்பில் கட்டிக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்த அன்றைக்கே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "அவனுக்குக் கண்காட்சி இருக்கு, முடிஞ்சதும் சொல்லிக்கலாம்" என்றாள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். அந்தப் பிடிவாதம்தானே உனக்கும் வந்திருக்கிறது.

நீயும் நேரத்துக்குத் தூங்கு. உன் உடம்பு நன்றாக இருந்தால்தான் அவளைப் பார்த்துக்கொள்ள முடியும்.

அன்புடன்,
சித்தி


ஏப்ரல் 29

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. தலைக்கு மேல் வேலை. நான் நலம், அனைவரும் நலம்தானே?

இத்துடன் 'அம்மா' தொகுப்பு முழுவதும் இருக்கிறது. சுருள் கசங்காமல் வந்ததா பார். முகமெல்லாம் நானே வியக்கும்படி வந்திருக்கிறது. முடி எல்லாவற்றிலும் உன் இஷ்டம். ஆனால் நீளமாக வேண்டும், முதுகில் வழிந்து நாற்காலிக்குக் கீழே தொங்க வேண்டும். அம்மா என்றாலே முடிதானே! இந்தப் படங்களின் உயிரே அதில்தான் இருக்கிறது. கறுப்பு நல்ல கனமாக விழட்டும்.

வந்து வரையச் சொன்னாய். எங்கே முடிகிறது? அம்மா முகம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். (கண்ணை மூடுவது என்றதும் கோபம் வருமே! சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்.)

பெயர் விஷயத்தைக் காட்சிக்கூடத்து அம்மாளிடம் பேசினேன். ஒரு படத்தில் இரண்டு பெயர் இருந்தால் வாங்குகிறவர்கள் குழம்புவார்களாம். கண்காட்சிக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் நன்றி என்று போடலாம் என்கிறார். சின்ன விஷயம், பெரிதாக்காதே. ஜூன் நடுவில் அச்சுகள் கைக்கு வந்தால் கண்ணாடிச் சட்டம் போட வசதியாக இருக்கும்.

அம்மாவுக்கு என் முத்தம்.

தம்பி


மே 11

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கை நடுக்கம் எப்படி இருக்கிறது? கண் மருத்துவரிடம் போனீர்களா? தலைத்துணி அளவு சரியாக இருக்கிறது. பச்சையைத்தான் தினமும் கட்டுகிறாள்.

உங்களிடம் கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அவன் படங்கள் வந்தன. கூடவே ஒரு கட்டளையும் வந்தது. முடி நாற்காலிக்குக் கீழே தொங்க வேண்டுமாம். நான் சுருளைப் பிரித்து அறை முழுக்கத் தரையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அம்புக்குறிகளைக் கவனிக்கவில்லை, கண்ணாடி போட்டிருக்கவில்லை. தாளில் தெரிந்ததெல்லாம் மழமழவென்று மொட்டைத்தலையோடு ஆறு அம்மா.

"அடேயப்பா, இவனுக்கு யாருடி சொன்னது? அப்படியே வரைஞ்சிருக்கானே!" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், மூச்சுத் திணறுகிற வரைக்கும். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு அழுகை வந்து, அதற்கப்புறம் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகன் எப்படியோ தெரிந்துகொண்டான், தெரிந்தும் தைரியமாக வரைந்திருக்கிறான் என்று ஒரு முழு நாள் நம்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அம்புக்குறியைப் படித்தாள். "ஓ" என்றாள். அப்புறம் தட்டில் வைத்ததைத் தொடவில்லை.

அந்த ஒரு 'ஓ'வுக்காக அவனை நான் மன்னிக்கப் போவதில்லை சித்தி.

முகங்களை வெட்டி முடித்துவிட்டேன். முடி வெட்டும் உளியைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்காருகிறேன், எதிரில் அம்மா பச்சைத் துணியோடு உட்கார்ந்திருக்கிறாள். இல்லாத முடியை இவள் முன்னாலேயே எப்படி வெட்டுவது? வெட்டினால் அதையும் தன் கை என்பான். முடியாது. அவன் என்ன வரைந்தானோ அதை மட்டும் கொடுக்கப் போகிறேன்.

சொல்லக் கூடாது என்றுதானே அம்மாவின் சத்தியம்? நான் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை.

உங்கள் மகள்


ஜூன் 14

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல் இல்லை.

'அம்மா' தொகுப்பு, கேட்ட எண்ணிக்கை. ஓரத்து அடையாளக் குறிகளை நானே சரிபார்த்தேன், நிறங்கள் எங்கேயும் விலகவில்லை. பின்புலத்தில் நீலம் மேலே அடர்ந்து கீழே கரைகிற மாதிரி ஈரத் தூரிகையால் தேய்த்திருக்கிறேன். கறுப்பு நீ விரும்பியபடி கனமாக விழுந்திருக்கிறது, விழ வேண்டிய இடத்தில்.

நீ வரைந்ததை மட்டும் வெட்டியிருக்கிறேன். ஒரு கோடு கூட்டவில்லை, ஒரு கோடு குறைக்கவில்லை. அம்புக்குறியையும் உன் எழுத்தையும் சேர்த்தே வெட்டலாம் என்றுதான் முதலில் இருந்தேன். அம்மாவின் நெற்றியில் உன் கிறுக்கல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது இது முழுக்க முழுக்க உன் படம். என் பெயர் தேவையில்லை.

அக்கா


ஜூன் 22

அக்கா,

உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது? பெட்டியைத் திறந்ததும் பக்கத்தில் கூடத்து அம்மாள் நின்றுகொண்டிருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஆறு படத்திலும் அம்மா தலை மொட்டை! பெத்த அம்மாவை இப்படி அசிங்கப்படுத்த உனக்கு எப்படி மனசு வந்தது? என்மேல் கோபம் என்றால் என்னைத் திட்டு, அடி. அம்மா உனக்கு என்ன செய்தாள்?

இதுக்குப் பெயர் பொறாமை. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. இத்தனை நாள் நான் வாயைத் திறந்ததில்லை.

உடனே முடிக்கு ஒரு கறுப்புப் பலகை வெட்டி, அதே தாள்களின் மேல் அச்சிட்டுத் தா. தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். அடுத்த மாதத்துக்குள் வேண்டும். இதில் விளையாடாதே.


ஜூன் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி குறைகிறது. திரும்பத் திரும்பப் படித்தும் கிடைக்கவில்லை. அம்மா நலமா என்று கேட்க மறந்துவிட்டாய். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அதனால் நானும் நலம் என்று எழுதவில்லை.

தாள்களை அனுப்பாதே, வந்தால் பிரிக்க மாட்டேன். முடி வேண்டுமானால் வா. அம்மா எதிரில் உட்கார்ந்து, அவள் தலையில் இருப்பதைப் பார்த்து, நீயே ஒவ்வொரு இழையாக வரை. நீ வரைவதை ஒரு மயிரிழை பிசகாமல் வெட்டித் தருகிறேன். வாக்கு.

பொறாமை என்று எழுதியிருக்கிறாய். ஆமாம், பொறாமைதான். பார்க்காமலே வரைந்து, வெட்டாமலே பெயர் வாங்கி, கேட்காமலே பாசக்காரப் பிள்ளையாக இருக்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்குமா?

அக்கா


செப்டம்பர் 9

அன்பு அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உனக்கு எழுதாததற்கு நிஜமாகவே வெட்கப்படுகிறேன். நான் நலம். அம்மா நலம்தானே? இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன்.

என்ன நடந்தது தெரியுமா? வேறு வழியில்லாமல் உன் மொட்டைத் தலைகளையே மாட்டினோம். நான் மூலையில் ஒளிந்துகொண்டு நின்றேன். ஆனால் அக்கா, ஜனங்கள் அந்தப் படங்களின் முன்னால் வாயடைத்து நின்றார்கள்! ஒரு பெரிய விமர்சகர் எழுதியிருக்கிறார், கத்தரித்து வைத்திருக்கிறேன்: 'கூந்தலால் புகழ்பெற்ற கலைஞர் கூந்தலையே துறந்திருக்கிறார். ஜப்பானியப் படங்களின் வெற்றிடத்தை இத்தனை துணிச்சலாக வேறு யாரும் கையாண்டதில்லை.' எல்லாப் படமும் விற்றுப்போய்விட்டது. எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். அம்மாவை நினைத்தபோது வெறுமைதான் வந்தது, அப்படியே விட்டுவிட்டேன் என்றேன். என்ன சொல்வது பின்னே?

நீ கோபத்தில் செய்தது நமக்கு நல்லதாகவே முடிந்தது, பார்த்தாயா. இனி நமக்குள் சண்டை வேண்டாம். கூடத்து அம்மாள் இதே தொகுப்பை இன்னொரு முறை அச்சிடக் கேட்கிறார். இந்தத் தடவை ஓரத்தில் உன் பெயரும் சின்னதாக வரும், நான் சண்டை போட்டு வாங்கிவிட்டேன். பலகைகள் பத்திரமாக இருக்கின்றனதானே?

அம்மாவிடம் சொல், அவளைப் பார்த்து ஊரே அழுதது என்று.

தம்பி


செப்டம்பர் 19

தம்பிக்கு,

இங்கே நலம் இல்லை. இத்தனை மாதமாக நலம், நலம் என்று எழுதியது அம்மா சொல்லித் தந்த பொய். இன்றைக்கு அவளைக் கேட்காமல் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மார்பில் புற்று. பேட்டியில் நீ கண்ணை மூடிக்கொண்ட சமயத்தில்தான் தெரிந்தது. மார்ச் முதல் மருந்து ஏற்றினார்கள். ஏப்ரலில் முடி போனது, பிறகு புருவமும் போனது. நீ சுவரில் மாட்டி வெற்றிடம் என்று பேர் வாங்கினாயே, அது வெற்றிடம் இல்லை. அது உன் அம்மாவின் தலை. துணிச்சல் உன்னுடையது என்று எவனோ எழுதியிருக்கிறான், நீயும் கத்தரித்து வைத்திருக்கிறாய். அந்தத் தலையோடு மருத்துவமனை வரிசையில் நின்று, பக்கத்தில் அழுத பெண்ணுக்குத் தைரியம் சொன்னவள் ஒருத்தி இருக்கிறாள். அந்தத் துணிச்சலை எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொள்ள உனக்குக் கூச்சமே இல்லையா? அம்மாவை நினைத்தால் வெறுமைதான் வந்தது என்றாயாம். வராமல் என்ன செய்யும், நீ பார்க்கவே இல்லையே!

பெயர் சின்னதாக வரும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். அந்தப் பலகைகள் இல்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே இழைப்புளி போட்டு ஆறு படத்துப் பலகைகளையும் இழைத்துவிட்டேன். மாலை வரை இழைத்தேன். அறையெல்லாம் சீவல், கீழே டயர் கடைக்காரர் என்னம்மா சத்தம் என்று மேலே வந்துவிட்டார். ஜப்பானிலும் பழைய பலகையை இழைத்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். ஆதாரம் கேட்பாய், அதனால் சொல்கிறேன்.

இழைத்த பலகை ஒன்றில் அம்மாவை நானே வரைந்தேன். எதிரில் உட்கார்ந்து, துணியை எடுக்கச் சொல்லி, பார்த்து வரைந்தேன். நானே வெட்டினேன், நானே அச்சிட்டேன். எனக்கு வரைந்து பழக்கமில்லை, ஒரு காது பெரிதாகிவிட்டது. இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஓரத்தில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது. படித்துக்கொள்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அறுவை சிகிச்சை. எப்படிப் போகும் என்று மருத்துவர் உறுதி சொல்லவில்லை.

இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து பின்னால் நின்றுவிட்டாள். இன்றைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறாள்.

"எழுதிட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்படி என்னைப் பாத்தா பயந்துடுவான்டி" என்றாள். அப்புறம், "மொதமொதல்ல அவனை என் கையில குடுத்தப்ப அவன் தலையிலயும் ஒண்ணுமில்ல. நான் பயந்தேனா?" என்றாள்.

வா. பென்சில் எடுத்துக்கொண்டு வராதே.

அக்கா